புள்ளி விழாத குலை

இன்று சின்னமனூரிலிருந்து தேனிக்கு வரும் பஸ்ஸில் ஒரு வாதத்தில் ஜெயித்தேன். அப்போதிருந்து மனசு சரியில்லை.

பக்கத்து சீட்டில் ஓடைப்பட்டித் திராட்சை விவசாயி ஒருவர். பேச்சுவாக்கில் என் வேலையையும் கேட்டுக்கொண்டார். மகள் வீட்டுக்குக் கொண்டுபோன பையைப் பிரித்து எனக்கு ஒரு குலையை நீட்டினார்.

“தின்னுங்க டீச்சர். மருந்தடிக்காத கொடி. வீட்டுக்குன்னு ஒரு வரிசை விட்டுருக்கேன்.”

கல்லூரியில் அறவியலும் வாதத்திறனும் சொல்லித்தருகிறவளுக்கு வாய் சும்மா இருக்குமா?

“அப்ப உங்க வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?”

“மருந்தடிக்கலைன்னா புள்ளி விழுந்துரும். புள்ளி விழுந்த குலையை யாரு டீச்சர் வாங்குறாக?”

“நம்ம தப்புக்கு வாங்குறவங்க மேல பழி போடக் கூடாதுங்கய்யா” என்று ஆரம்பித்து, வகுப்பே எடுத்துவிட்டேன். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்கு இன்னும் குஷி.

அவர், நான் வாங்கிக்கொள்ளாத குலையைப் பைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வீரபாண்டியில் இறங்கிவிட்டார்.

அவராகச் சொல்லாவிட்டால் அந்த வரிசையைப் பற்றி எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? முன்பின் தெரியாத என்னையும் வீட்டு ஆளாக நினைத்துத்தான் நீட்டியிருக்கிறார். அது பஸ் போன பிறகுதான் உறைத்தது.

தேனியில் இறங்கிப் பழக்கடைக்குப் போனேன். கடைக்காரர் தராசில் வைத்த திராட்சைக் குலையில் இரண்டு புள்ளி.

“வேற நல்லதாப் போடுங்கண்ணே” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

ஓடைப்பட்டி நண்பர்களே, அவரைத் தெரிந்தால் சொல்லுங்கள். பெயர் கேட்கவில்லை. எங்கே கேட்பது, நான்தான் பேசிக்கொண்டே இருந்தேனே.