பிரிண்டரின் வாக்குமூலம்

என் அண்ணனுக்குக் கோபம் வராது. அவனுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவன் பிரிண்டர் மெக்கானிக். மருந்துக் கிடங்கின் பில் பிரிண்டர்கள் எல்லாம் அவன் பொறுப்பு. அதே கிடங்கில் நான் பெட்டிகளைக் கட்டி பில் ஒட்டுகிறேன். பில் போடும் புரோகிராமைப் பார்த்துக்கொள்பவன் அண்ணியின் தம்பி. அவனுக்காக மேனேஜர் அறை வாசலில் கால் கடுக்க நின்று அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் என் அண்ணன்தான். இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும்.

திடீரென்று பில்கள் இறங்க ஆரம்பித்தன. முதல் பில் சரியாக வரும். அடுத்தது ஒரு வரி கீழே தள்ளி விழும், அதற்கடுத்தது இன்னும் ஒரு வரி. போகப் போக மொத்தத் தொகை தாளைக் கிழிக்கும் துளைக்கோட்டின் மேலேயே வந்து உட்காரும். கிழித்தால் எண்ணின் தலை ஒரு தாளில், உடம்பு இன்னொரு தாளில். கடைக்காரர்கள் போனில் மேனேஜரை வறுத்தெடுத்தார்கள். அவர் அண்ணனை வறுத்தார்.

"இந்த வாரத்துக்குள்ள சரியாகலன்னா வேற கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுடுவேன். நீயும் உன் பிரிண்டரும் கிளம்பிடலாம்."

அண்ணன் பல்சக்கரத்தை மாற்றினான், உருளையைத் துடைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சோதனை முறைக்குப் போனான். பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போட்டால், பிரிண்டர் கட்டளைகளுக்குக் கீழ்ப்படியாது. தனக்கு வந்ததை வந்தபடி எண்களாக அடித்துக் காட்டும். அடுத்த தாளுக்குப் போ என்றால் போகாது, அப்படிச் சொன்னார்கள் என்று மட்டும் எழுதும். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு ஆள் கூடக் கிடையாது.

தாள் முழுக்க இரண்டிரண்டு இலக்கமாக வந்து விழுந்தது. அண்ணன் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றான்.

"இங்க பாரு. ஒரு பக்கத்துக்கு எத்தனை வரின்னு புரோகிராம் சொல்ற இடம் இது. நம்ம தாள்ல இருக்கறதைவிட ஒண்ணு கூடச் சொல்லுது. போன வாரம் உங்க அண்ணி தம்பி எதையோ மாத்தினான்ல, அப்ப தப்பா போட்டுட்டான். பிரிண்டர் பாவம், சொன்னதைச் செய்யுது."

"நேரா மேனேஜர்கிட்ட எடுத்துட்டுப் போண்ணா."

"சின்னப் பையன். அவன்கிட்ட முதல்ல சொல்லிடறேன். அவனே போய்ச் சொன்னா அவனுக்கும் மரியாதை."

அண்ணன் கொண்டுபோய்க் காட்டிய தாளைப் பார்த்ததும் அண்ணியின் தம்பிக்கு முகம் செத்துப்போனது. "நான் பாத்துக்கறேன் மாமா, விடுங்க" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் புரோகிராமைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டான். அதே காலையில் மேனேஜர் வரவழைத்த புது பிரிண்டர் மேஜையில் வந்து உட்கார்ந்தது. பில்கள் பிசகாமல் விழுந்தன.

"நான் அப்பவே சொன்னேனே சார், பழைய மிஷின்தான் பிரச்சனைன்னு" என்றான் அந்த மகானுபாவன். மேனேஜர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். டேப்பும் கையுமாக நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "தப்பு இவன் புரோகிராம்லதான் சார்" என்று வாய்விட்டுக் கத்தினேன்.

"அண்ணனுக்காகப் பேசறே, புரியுது. போய் வேலையைப் பாரும்மா" என்றார் மேனேஜர்.

அண்ணனிடம் ஓடினேன். "அந்தப் பழைய மிஷினைப் போட்டு இன்னொரு தடவை அடிச்சுக் காட்டுண்ணா!"

"இப்ப அடிச்சா சரியாத்தானே வரும்? திருத்திட்டானே" என்றான். ஸ்க்ரூ டிரைவர்களைத் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். "உங்க அண்ணிகிட்ட வாயைத் திறக்காதே. அவனை அவதான் தூக்கி வளத்தா."

அன்று சாயங்காலம் அண்ணி பொரிந்து தள்ளினாள். "ஒரு மிஷினை ஒழுங்கா பாத்துக்கத் துப்பில்லாம வேலையைத் தொலைச்சாச்சு. என் தம்பி அங்க இருக்கறதாலதான் இதோட போச்சு." அவள் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு எப்படித்தான் சோறு இறங்கியதோ!

"விடுக்கா" என்றான் அவன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "கிடங்குல வாட்ச்மேன் வேலை ஒண்ணு காலியா இருக்கு. மேனேஜர்கிட்ட மாமாவுக்காகச் சொல்லிப் பாக்கறேன்."

நான் அண்ணனையே பார்த்தேன். இப்போதாவது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன்.

"சொல்லிப் பாருப்பா" என்றான் அண்ணன்.