எப்போ எடுக்கிறீங்க?

போன டிசம்பரில் நான் அரை நாள் செத்துப்போயிருந்தேன். அதைச் சொன்னால் எங்கள் தெருவில் இன்னும் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். சிரித்து முடித்த பிறகுதான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போகிறது.

தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் எனக்கு வேலை. எழுத்து என்பது யாரும் கேட்காமலே நான் செய்துகொண்டிருக்கும் வேலை. எழுதுவதெல்லாம் குட்டிக் கதைகள், இரண்டு வரி, மூன்று வரி. உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லை என்று என் மனைவி சொல்லுவாள். சுருக்கம்தான் கலை என்று நான் சொல்லுவேன். எந்தப் பதிப்பகமும் பதில் போடாததால் நானே கைக்காசு போட்டுப் புத்தகமாக்கினேன். கட்டுக் கட்டாக வந்து கட்டிலுக்கடியில் உட்கார்ந்துகொண்டன. வீடு பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அவற்றில் இடிக்கும். எனக்குக் கேட்க வேண்டும் என்றே அவள் இடிப்பதாக எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் எப்படியாவது தள்ளிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வில்லியனூருக்குப் பக்கத்தில், கோயிலைச் சுற்றியே வீடுகள் உள்ள கிறிஸ்துவ ஊர் எங்களுடையது. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் எல்லாம் பண்டிகைக்கு வந்துவிடுவார்கள். சாப்பிட்ட பிறகு செய்ய ஒரு வேலையும் இல்லாத மதியங்கள் அவர்களுக்கு நிறைய இருக்கும். டிசம்பர் பிறந்ததிலிருந்து தினம் ஒரு கதையை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன். மனைவி பார்த்தாள், சீட்டு பிடிக்கிறவர் பார்த்தார். எழுத்தாளர்கள் இருக்கும் ஒரு குரூப்பிலும் போட்டேன். ஒரே ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். அது என் கதைக்கா, எனக்கு முன்னால் வந்த பிறந்தநாள் வாழ்த்துக்கா என்று இன்றுவரை தெரியாது.

அப்புறம்தான் போஸ்டர் யோசனை வந்தது. பண்டிகைப் பூசை முடிந்து ஜனம் வெளியே வரும்போது கோயில் வாசலில் மேசை போட்டு விற்பது, அதற்கு முந்தின நாள் ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டுவது. செல்போனில் நானே வடிவமைத்தேன். நடுவில் என் படம். இலக்கியம் என்றால் கருப்பு வெள்ளைதானே, அதனால் கருப்பு வெள்ளை. பண்டிகைக்காக இரண்டு பக்கமும் எரியும் மெழுகுவர்த்தி, மேலே ஒரு நட்சத்திரம். கீழே என் பெயர். அதற்குக் கீழே சாம்பிளுக்கு ஒரு கதை:

"அவர் போய்விட்டார். கொடியில் காயும் சட்டைக்கு இன்னும் தெரியாது."

அதற்கும் கீழே, "நாளை பண்டிகைப் பூசைக்குப் பின், கோயில் வாசலில். அனைவரும் கலந்துகொள்ளவும்." புத்தகம் என்ற சொல்லும் போஸ்டரில் இருக்கத்தான் செய்தது. கடைசியில், ஃபோன் நம்பருக்குப் பக்கத்தில், எறும்பு சைஸில்.

பார்த்துப் பார்த்து அழகுபடுத்தினேன். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. இருபத்திநாலாம் தேதி காலையில் வில்லியனூரில் பிரிண்ட் போடும் கடைக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அந்தக் கடைக்கார அம்மா என்னை நேரில் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். குரல் ரொம்பத் தணிந்திருந்தது.

"சார், எப்போ சார் எடுக்கிறீங்க?"

"இன்னிக்கே எடுத்துடணும்மா. நாளைக்குப் பண்டிகை ஆச்சே."

"ஆமா சார், பண்டிகைல வெச்சிக்க முடியாது. மத்த வேலய நிறுத்திட்டு இத போட்டுடறேன். ஒட்டுற ஆளு நம்மகிட்டயே கீறாரு, நீங்க அலைய வாணாம். இந்த நேரத்துல எதப் பத்தியும் யோசிக்காதீங்க சார்."

எழுத்தாளனுக்கு மதிப்புக் கொடுக்கிற மனுஷி வில்லியனூரில் ஒருவராவது இருக்கிறாரே என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கோயிலில் குடில் ஜோடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். காதில் வாங்கவில்லை.

மதியம் தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் வந்தது. முதல் வாசகர் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு எடுத்தேன்.

"எப்போ எடுக்கிறாங்க தம்பி? போஸ்டர்ல நாளைக்கின்னு கீது. ஒட்டுன ஆளு இன்னிக்கேன்றாரு."

"எப்போ வேணாலும் எடுத்துக்கலாம்ங்க. வீட்டுக்கே வாங்க. எத்தனை வேணும்?"



"இன்னா தம்பி, பாடியப் பத்திக் கேக்குறேன், எத்தன வேணும்ன்ற?"

எடுப்பது. சாவு வீட்டைப் பற்றிப் பேசும்போது எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். பிணத்தை எடுப்பது. சொல்லுக்குச் சொல் எடை போட்டு எழுதுகிறவன் என்று மார்தட்டிக்கொள்பவனுக்கு, பிறந்ததிலிருந்து கேட்ட சொல் பிடிபடவில்லை. கருப்பு வெள்ளைப் படம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, 'அவர் போய்விட்டார்'. கண்ணீர் அஞ்சலி ஒட்டிய சுவரில் சாய்ந்துகொண்டுதானே தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.

இதுவரை நடந்தது முட்டாள்தனம். அதற்கெல்லாம் ஒருவன் கூனிக் குறுக வேண்டியதில்லை. கூனிக் குறுக வேண்டியது இதற்குப் பிறகு நடந்தது.

குரூப்பைத் திறந்தேன். போஸ்டரை யாரோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அதன் கீழே வரிசையாக இரங்கல். 'ஈடு செய்ய முடியாத இழப்பு.' 'சொற்சிக்கனத்தின் உச்சம் தொட்டவர்.' என் கதைகளுக்கு ஒரு தடவைகூடப் பதில் போடாத ஒருவர், அந்தச் சட்டைக் கதையைப் பற்றிப் பெரிய பத்தி எழுதியிருந்தார். என் கதையைவிட அது பல மடங்கு நீளம். இரண்டு தரம் படித்தேன். நன்றாக இருந்தது. பொய் சொல்லுவானேன், ரொம்ப நன்றாக இருந்தது.

'நான் இருக்கிறேன்' என்று தட்டினேன். அனுப்பப் போகும்போது இன்னொருவர் எழுதிக்கொண்டிருப்பது தெரிந்தது. அது என்னவென்று பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று நிறுத்தினேன். 'அவருடைய புத்தகம் எங்கே கிடைக்கும்?' என்று வந்தது. 'அந்தக் குடும்பத்துக்கு உதவியாக ஆளுக்கு ஒன்று வாங்குவோம்' என்று அடுத்தவர். தட்டியதை அழித்துவிட்டேன். செத்தும் கொடுத்த வள்ளலைப் பற்றிச் சொல்லுவார்கள். நான் செத்து விற்கப் பார்த்தேன்.

அதற்குள் திரையில் 'அக்கா' என்று வந்தது. குருவிநத்தத்தில் கட்டிக்கொடுத்த என் ஒரே அக்கா. லீவுக்கு வாடா வாடா என்று மாதம் பூராவும் கூப்பிட்டிருந்தாள். புத்தகப் புரமோஷன் இருக்கிறது என்று நான் தட்டிக்கழித்திருந்தேன். போஸ்டர் படம் அவளுக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. எடுத்தால் அழுவாள், சமாதானம் சொல்ல நேரமாகும், இங்கே வருவதைப் படிக்க முடியாமல் போகும். இதை முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று தள்ளிவிட்டேன். மறுபடி வந்தது. மறுபடி தள்ளினேன். பிறகு நின்றுவிட்டது. யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள் போல, நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

அவள் பஸ் ஏறிவிட்டதால் நின்றிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் நாற்காலியில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். நான் தலை நிமிரவில்லை. தெருமுனையில் ஆட்டோ நிற்கும் சத்தமும், கூடவே ஒரு குரலும் கேட்டபோதுதான் எழுந்தேன்.

"எடுத்துட்டாங்களா? எந்தம்பிய எடுத்துட்டாங்களா?"

பாகூர் வந்து, பஸ் மாறி, வில்லியனூரில் இறங்கி ஆட்டோ பிடித்திருக்கிறாள். வழி பூராவும் அந்த ஒரு பயம்தான், முகம் பார்ப்பதற்குள் எடுத்துவிடுவார்களோ என்று. ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் மஞ்சப்பை. முடி அவிழ்ந்திருந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள், இல்லாவிட்டால் அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். கையிலிருந்த ஃபோன் அப்போதும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஃபோனு நல்லாத்தான் கீதா?"

"இருக்குக்கா."

"நான் கூப்ட்டது வந்துச்சா?"

சார்ஜ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது கையில் மினுக்கிக்கொண்டிருந்தது.

"வந்துச்சு."

அவள் சாவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று காம்பவுண்டு சுவர்மேல் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். விஷயம் கேட்டு மனைவி கோயிலிலிருந்து ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். அக்கா பாதி குடித்துவிட்டு, முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுக்கப் பையைத் துழாவினாள். கைக்குட்டையோடு புத்தகமும் வெளியே வந்தது. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த பிரதி. பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி பழுப்பு அட்டை போட்டு வைத்திருந்தாள். அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இது எதுக்குக்கா எடுத்துட்டு வந்த?"

"பொட்டில ஒங்கூட வெச்சி அனுப்பலாம்னு எடுத்தாந்தேன். ஒனக்கு இதானடா எல்லாம்."

அவள் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். குத்திக்காட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பண்டிகைக்கு மாவு கரைத்தது கரைத்தபடி கிடக்கிறது என்று பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட்டாள். சாப்பிடவில்லை. புத்தகத்தை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அப்புறம் குரூப்பில் 'நான் இருக்கிறேன்' என்று போட்டேன். ஒருவர் சிரிக்கும் படம் போட்டார். அதன் பிறகு மேலே இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று மாறியது. சட்டைக் கதையைப் பற்றிய பெரிய பத்தியும் போனது. மறுநாள் கோயில் வாசலில் நான் மேசை போடவில்லை. மாலையைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை, எனக்கும்தான். பண்டிகைக்குக் கேக் தட்டு கொண்டுவந்தவர்கள் எல்லாம் அதைத் தாண்டித்தான் வந்தார்கள்.

இப்போது அக்கா கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். முன்பெல்லாம் மாட்டுக்கு உடம்பு சரியில்லாததிலிருந்து மாமியார் சண்டை வரை எல்லாம் பேசுவாள். இப்போது ஒன்றுதான் கேட்கிறாள்.

"கீறியா?"

"இருக்கேன்கா."

வைத்துவிடுகிறாள்.