காக்கி நிக்கருக்குள் ஓர் உளவாளி

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது பொம்மிடி ஸ்டேஷன் ரோட்டில் எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. கடை என்றால் வீட்டின் முன்னறைதான். ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, மெஷினுக்கு அடியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டுத்துணிக் குப்பை. என் தையலைப் பற்றி ஊரில் இருந்தது ஒரே ஒரு புகார்: எதைக் கொடுத்தாலும் குட்டையாகிவிடும். துணிப் பஞ்ச காலத்தில் அதை நான் தேச சேவை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போலீஸ் ஏட்டு ஒருவர் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சர்க்கார் கொடுத்த காக்கி நிக்கரை இரண்டு விரல் குறைக்கச் சொல்லி என்னிடம் தந்திருந்தார். நான் ஐந்து விரல் குறைத்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் சைக்கிளில் ஏறியவர், ஏறிய வேகத்திலேயே இறங்கி நேரே என் கடைக்கு வந்தார். வெட்டிய துண்டுகளையே மறுபடி ஒட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, நிக்கரை வாங்கி வைத்துக்கொண்டு தப்பித்திருந்தேன். அந்தத் துண்டுகள் மெஷினுக்கடிக் குப்பையில் எங்கேயோ இருந்தன.

தையலைவிட எனக்குப் பெயர் வாங்கித் தந்தது பேப்பர் வாசிப்பு. ரயிலில் வரும் பேப்பரைப் பெஞ்சுக்காரர்களுக்கு உரக்கப் படிப்பேன். அச்சில் இருப்பது பாதி, என் சொந்தச் சரக்கு மீதி. பட்டணத்தில் குண்டு விழும் என்று மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ரயில் ரயிலாக வந்து இறங்கிய வருஷம் அது. என் சரக்குக்கு நல்ல கிராக்கி. அந்த வாரம் முழுக்க ஒற்றர்களைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். சாமியார் வேஷத்தில் ஒற்றன், வளையல்காரன் வேஷத்தில் ஒற்றன். எழுதியவர்களுக்கே தெரியாத சங்கதிகள்.

ஐப்பசி மாதம். இரவெல்லாம் பெய்த மழை விடிகிறபோது நின்றிருந்தது. மெஷினில் உட்கார்ந்து மிதியில் கால் வைத்தேன். கீழே குப்பை சரசரத்தது. அடுத்த கணம் என் இரண்டு காலும் ஸ்டூல் மேல் இருந்தன. நான் தூக்கி வைக்கவில்லை, அவையே ஏறிக்கொண்டன.

சத்தம் கேட்டு வந்த என் மனைவி வாசற்படியில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னாங்க, கோழி மாதிரி ஏறி ஒக்காந்துக்கிட்டீங்க?"

"பாம்பு."

அவள் குனிந்து பார்த்தாள். "பாம்புக்கு எப்பங்க ரெண்டு காலு மொளைச்சுது?"

நானும் குனிந்தேன், ஸ்டூலை விட்டு இறங்காமலே. மைனா அளவில் ஒரு பறவை. முதுகு பச்சை, தோளில் பளபளக்கும் நீலம், வயிறு சந்தன நிறம், கண்ணை மூடிக் கட்டியதுபோல் ஒரு கறுப்புப் பட்டை, வாலுக்கு அடியில் ரத்தச் சிவப்பு. ஒரு வருஷத்து வெட்டுத்துணியை எல்லாம் சேர்த்துத் தைத்ததுபோல் இருந்தது. பறக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. தரையில் தத்தித் தத்தி நடந்து, காட்டில் சருகைப் புரட்டுவதுபோல் என் துணித் துண்டுகளை ஒவ்வொன்றாக அலகால் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. புழு தேடியது என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அது ஏதோ தஸ்தாவேஜைத் தேடியது.

காரணம், அதன் வால். வாலே இல்லை என்று சொல்லலாம். கட்டைவிரல் நீளத்தில் நறுக்கென்று நின்றிருந்தது. வேறு எவன் பார்த்திருந்தாலும் குட்டை வால் குருவி என்று போயிருப்பான். நான் தையற்காரன். நேர்க்கோட்டில் முடிகிற எதைப் பார்த்தாலும் எனக்குக் கத்தரிக்கோல்தான் தெரியும்.

"இது வெட்டு! பொறப்புல வந்ததில்ல. சேதி கட்டி அனுப்பறதுக்காக வாலை நறுக்கியிருக்கான். அடியில பாரு, செவப்பு! சப்பான்காரன் கொடியில இருக்கறதும் செவப்புத்தான்."

"கொடியை அங்கயா கட்டுவாங்க?" என்றாள்.

அதற்குள் பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் வந்துவிட்டார். அவர் பின்னால் பெஞ்சுக்காரர்கள் எல்லோரும். ஆள் சேர்ந்தால் என் வாய் நிற்காது. பர்மாவில் இப்படி நானூறு பறவைகளைப் பழக்கி வைத்திருக்கிறார்கள் என்றேன். நானூறு என்பது அந்த நிமிஷம் வாயில் வந்த கணக்கு. என் மனைவி கோழி மூடும் பஞ்சாரத்தைக் கொண்டுவந்து அதன் மேல் கவிழ்த்தாள். உள்ளே அது என்னைவிட நிதானமாக இருந்தது.

வெற்றிலைக் கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். "அப்புடீன்னா டெய்லரே, எதிரி குருவிய வூட்டுல மூடி வச்சிருக்கறது குத்தமாச்சுங்களே?"

நான் அவசரமாகப் பேச்சை மாற்றினேன். "சரி, இது ஒற்றன் இல்ல. சும்மா குருவி."

"அப்ப நீங்க கெளப்புனது புரளிங்களே? காரிமங்கலம் சந்தையில யுத்தப் புரளி பேசுனான்னு ஒருத்தனை வெலங்கு போட்டு இழுத்துக்கிட்டுப் போனாங்களாமே."

ஒற்றன் என்றால் ஒளித்து வைத்த குற்றம். ஒற்றன் இல்லை என்றால் புரளிக் குற்றம். இரண்டு பக்கமும் தையல் போட்ட பைக்குள் நானே இறங்கி உட்கார்ந்திருந்தேன். பெஞ்சு காலியாகிவிட்டது. பேப்பர் கேட்க வருகிறவர்கள் சாட்சி சொல்ல வரமாட்டார்கள்.

பஞ்சாரத்தைத் தூக்கி, "போய்யா, போயிடு" என்று கும்பிட்டேன். பறவையிடம் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அது வெளியே வந்தது, தெருவைப் பார்த்தது, திரும்பி மெஷினுக்கடிக்கே போய்விட்டது. துடைப்பத்தைக் காட்டினேன். துடைப்பத்தைக் கொத்திப் பார்த்தது. பகல் முழுக்க நான் ஒரு தையலும் போடவில்லை. சேலம் ஜெயிலில் மெஷின் கொடுப்பார்களா என்று மனைவியிடம் கேட்டேன்.

"குடுப்பாங்க. எல்லாக் கைதிக்கும் துணி குட்டையாயிரும்" என்றாள்.

சாயங்காலம் சைக்கிள் மணி கேட்டது. ஏட்டு! எவனோ போய்ச் சொல்லிவிட்டான் என்று முடிவு செய்தேன். கையில் இருந்த துணியைப் பறவை மேல் வீசி மூடினேன். வீசிய பிறகுதான் அது ஏட்டின் நிக்கர் என்று தெரிந்தது.

"ஏம்ப்பா டெய்லரு, ஆச்சா?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க ஏட்டய்யா. அது தானா வந்துச்சுங்க."

"எது தானா வந்துச்சு? நிக்கர் எங்க?"

நிக்கர் தரையில் கிடந்தது. அதன் வலது கால் மெல்ல எழுந்து, ஒரு தத்து தத்தியது. ஏட்டு பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்தச் சமயத்தில் நிக்கருக்குள்ளிருந்து கணீரென்று ஒரு விசில், அதோடு ஒட்டி இன்னொரு விசில். போலீஸ் விசில் தோற்றது. நான் இரண்டு கையையும் நீட்டிவிட்டேன், விலங்குக்கு வசதியாக.

ஏட்டு என் கையைப் பார்க்கவே இல்லை. தன் மணிக்கட்டைப் பார்த்தார். "அட, ஆறாச்சா?"

பிறகு குனிந்து நிக்கரை விலக்கினார். "ஆறுமணிக் குருவி! எங்க சித்தேரி மலை அடிவாரத்துல மழை ஆரம்பிச்சா வந்துரும். வடக்கேருந்து பறந்து வந்த களைப்புல எந்த வூட்டுக்குள்ளயும் பூந்துக்கும். காலையில ஆறு, சாயங்காலம் ஆறு, தப்பாம விசில் அடிக்கும்."

"அப்ப வாலுங்க?" என்றேன்.

அவர் அதன் வாலைப் பார்த்தார். கையில் இருந்த நிக்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதுக்கும் நீதான் தைச்சியா?"

உள்ளே என் மனைவி சிரித்த சிரிப்பில் பாத்திரம் ஒன்று உருண்டது. வெற்றிலைக் கடைக்காரர் வெளியே வந்து, நடந்ததை எல்லாம் தாமாகவே ஒப்பித்தார், பர்மா நானூறு உட்பட. ஏட்டு மீசையைத் தடவினார்.

"நாளையிலேருந்து அச்சுல இருக்கறத மட்டும் படி. புரிஞ்சுதா? இந்த நிக்கரைத் தொவச்சுட்டு ஒட்டு. உன் சப்பான்காரன் பின்னாடி ஒரு சேதி எழுதி வச்சிருக்கான்."

எழுதித்தான் வைத்திருந்தது, வெள்ளையாக.

பறவை தத்தித் தத்தித் தெருவில் இறங்கி, எங்கள் கொல்லைப் புதரைப் பார்த்துப் பறந்தது. விரித்த சிறகில், யுத்த விமானத்துச் சின்னம்போல் வட்டமாக ஒரு வெள்ளைப் பொட்டு. அதற்கும் ஓர் அர்த்தம் தோன்றியது. சொல்லவில்லை.

மறுநாள் ஏட்டு சொன்னபடி அச்சில் இருந்ததை மட்டும் படித்தேன். பாதியிலேயே பெஞ்சு காலியாகிவிட்டது. சாயங்காலம் காக்கித் துண்டை ஒட்டிக்கொண்டிருந்தபோது கொல்லையிலிருந்து அந்த விசில் கேட்டது.

"ஏங்க, உங்க ஆளு கூப்புடறான்" என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து.

எனக்கென்ன பயமா என்று பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன், மெஷின் நின்றிருந்தது. என் இரண்டு காலும் ஸ்டூல் மேல் இருந்தன.