அம்மாவின் வெள்ளிக் கண்

வெள்ளிக்கிழமை மாலை, ரொறன்ரோ விமான நிலையத்தில் அம்மா ஒரு வெள்ளிக் கண்ணை என் கைக்குள் வைத்துப் பொத்தினார். கோயிலுக்கு நேர்த்தி வைத்துக் கொடுக்கிற சின்னத் தகடு. அவருடைய வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்தும், கத்திக்குப் பயந்து இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

"நீ போறது வருத்தம் மாத்திற சாமியின்ரை கோயில் எண்டுதானே சொன்னனி? உதை அங்கை வைச்சிட்டு வா. பிறகு ஒப்பரேசன் தேவைப்படாது."

தாதியியல் படிக்கிற மகளிடம் சொல்கிற கதையா இது? எரிச்சலோடு வாங்கிக்கொண்டேன்.

ஏதென்ஸுக்குப் பத்து மணி நேரம். அங்கிருந்து, மருத்துவ வரலாறு பார்க்க வந்த எங்கள் வகுப்பு பஸ்ஸில் நூற்றைம்பது கிலோமீற்றர் போய் எபிடோரஸில் இறங்கியது. அந்தக் காலத்து நோயாளிகள் இங்கே மண்டபத்தில் படுத்துறங்க, அஸ்கிளிப்பியோஸ் என்ற வைத்தியக் கடவுள் கனவில் வந்து குணமாக்குவாராம். இப்போது அத்திவாரக் கற்களும் சில தூண்களும்தான் மிச்சம். பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினேன். காவலாளி விசிலடித்துப் போடச் சொன்னார். வெள்ளிக் கண்ணை வைக்க விடுவாரா என்று கேட்கவே இல்லை.

இரண்டு இரவுகள் ஓர் ஆட்டுப் பண்ணையில் தங்கினோம். பண்ணைக்காரி எலெனிக்கு நாற்பது வயதிருக்கும். ரொறன்ரோவில் பிறந்து, கலியாணம் கட்டி இங்கே வந்தவர். காலையில் பால் கறக்கப் பழக்கினார். ஆடு என்னை உதைத்ததுதான் மிச்சம்.

பண்ணை ஓரத்துச் சிறு தேவாலயத்தில் வெள்ளிக் கைகள், கால்கள், கண்கள் தொங்கின. அப்படியே நம் ஊர் வழக்கம். நெஞ்சு நிறைந்துபோய், அம்மாவின் கண்ணுக்காக என்று சொல்லி எலெனியிடம் என் தகட்டை நீட்டினேன்.

"அம்மாவுக்குக் கண் சுகமாகிவிட்டதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் எலெனி.

"இல்லை. இன்னும் சத்திரசிகிச்சையே செய்யவில்லை."

"அப்படியென்றால் திருப்பிக் கொண்டுபோ. நான் உழவு இயந்திரத்தில் இருந்து விழுந்து கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் எலும்புக்குத் தகடு வைத்து, தையல் பிரித்த பிறகுதான் அந்த வெள்ளிக் கையைத் தொங்கவிட்டேன். ரொறன்ரோவில் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற் கட்டுகிறவனுக்கு முழுக்காசையும் முதலே கொடுப்பாயா?"

திரும்பி வந்ததும் அம்மா தேடியது என்னை அல்ல, என் கையைத்தான். காரில் ஏறி, வெள்ளிக் கண்ணை அவரிடம் திருப்பிக் கொடுத்து எல்லாம் சொன்னேன். கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் அவர் கேட்டார்.

"அங்கை போக எவ்வளவு நேரம் பிளேனிலை இருக்கோணும்?"

"பத்து மணித்தியாலம்."

"ஒப்பரேசன்?"

"அரை மணித்தியாலம்கூட வராது, அம்மா."

வெள்ளிக் கண்ணைத் துடைத்துத் தன் கைப்பைக்குள் வைத்தார்.

"அப்ப முதல் அதை முடிப்பம். பிறகு நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."