விண்கலத்தில் வந்த உரு

விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்களுக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கக் கூடாது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். சுத்த விசர்க்கதை. இருபது வருடமாக எழுதுகிறேன். கோயிலும் தேவாலயமும் இல்லாவிட்டால் என் விண்கலங்களில் ஒன்றுகூட நிலத்தை விட்டுக் கிளம்பியிராது. முதுகில் செடில் கொக்கிகளைக் குத்தித் தூக்குக்காவடியில் அந்தரத்தில் தொங்குகிறவரைப் பார்த்துத்தான் எடையற்ற நிலையை எழுதினேன். காவடியின் மயிலிறகைச் சூரியத் தகடாக்கினேன். தொண்டைமானாற்று முருகன் கோயிலில் பூசகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல் செய்யும் பூசையை அப்படியே வேற்றுக் கிரகத்துக்குக் கொண்டுபோனேன். என்ன கற்பனை என்று வாசகர்கள் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை.

ஒரே ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். உயிரோடு இருக்கும் ஒருவருடைய பக்தியை எடுத்தால், அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் ஓம், போடலாம் என்று சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுப்பேன். வேண்டாம் என்றால் கிழித்துவிட வேண்டியதுதான்.

போன வருடம் எழுதிய கதைக்கு ஓம் சொல்ல வேண்டியவர் என் மச்சாள், கணவரின் அக்கா. நான் புரட்டஸ்தாந்து வீட்டில் பிறந்து, தொண்டைமானாற்று மீன்பிடிக் குடும்பத்தில் கலியாணம் முடித்தவள். கோயில் திருவிழாவில் மச்சாளுக்கு உரு வரும்; சாமி உடம்பில் இறங்கி அவர் வாயால் குறி சொல்லும். என் கதையில் விண்கலம் ஓட்டும் பெண்ணுக்கும், ஒரு கிரகத்தை நெருங்கும்போது, அப்படி உரு வருகிறது. அந்தக் கிரகமே அவள் உடம்புக்குள் புகுந்து கதைக்கிறது. நான் எழுதியவற்றில் இதுதான் ஆகச் சிறந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் கிழிக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

மச்சாள் இறால் உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். முடிந்ததும் எழும்பிக் கையைக் கழுவினார்.

"கதை நல்லாயிருக்கு மச்சாள். ஆனா உது நானில்லை."

"நீங்கள்தான். திருவிழாவிலை உங்களுக்குப் பக்கத்திலை நிண்டு பாத்துத்தானே எழுதினனான்."

"உம்மடை கதையிலை வாற பெட்டை முழங்காலிலை இருந்து, ரெண்டு கையையும் விரிச்சு, மன்னிப்பெல்லோ கேக்கிறாள்? எனக்கு உரு வரேக்கை நான் ஆரிட்டையும் ஒண்டும் கேக்கிறேல்லை. சனம்தான் என்னட்டைக் கேக்கும். உது ஆரோ வேதக்காரப் பொம்பிளை, சேர்ச்சுக்குப் போறவ. போய் அவவிட்டைக் கேளும்."

எனக்கு முகம் சுட்டது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறவள் என்ற திமிரோடு போனவள் அல்லவா! ஆனால் அந்தப் பொம்பிளை யார் என்று உடனே தெரிந்துவிட்டது.

எங்கள் தேவாலயத்தில் எல்லோரும் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருப்பார்கள். பாட்டுக்கு மர வாங்கிலிருந்து எழும்புவதும் செபத்துக்குக் குனிவதும்தான் அங்கே அசைவு. எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தின் நடுவில் அம்மா முழங்காலில் விழுந்தார். கைகளை விரித்து மன்னிப்புக் கேட்டு அழுதார். பிறகு சிரித்தார். யாருக்கும் விளங்காத சொற்களை உரத்துச் சொன்னார். அம்மாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் மறந்துபோனதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அரியாலைக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா சாப்பாட்டு மேசையில் பத்திரிகையை விரித்துக் குறுக்கெழுத்து நிரப்பிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து கதையை வாசித்தேன். உரு வரும் இடத்தை வாசித்து முடித்தேன். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது நான்."

"ஓம் அம்மா. போடட்டோ? வேண்டாமெண்டால் இப்பவே கிழிக்கிறன்."

"ஏன் கிழிக்க வேணும்? நல்லா எழுதியிருக்கிறாய். உள்ளுக்குள்ளை அப்பிடித்தான் இருந்தது. ஆனா ஒராளை விட்டிட்டாய். அவளின்ரை மகளைக் காணேல்லை."

"கதையிலை அவளுக்கு மகள் இல்லை அம்மா."

"எனக்கு இருந்தவள். நான் கண்ணைத் திறந்து பாக்கேக்கை, எனக்குப் பக்கத்திலை இருந்தவள் எழும்பிப் போய் மற்ற வாங்கிலை, வேறை ஆரின்ரையோ பிள்ளை மாதிரி இருந்தவள். அதைக் கண்ட பிறகு எனக்கு அது திரும்பி வரவே இல்லை. கதையைப் போடு பிள்ளை. அதையும் எழுதிப் போடு."

அம்மாவின் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். வெட்கத்தில் என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

ஒரு கிரகத்தை, அதன் கடலோடும் மூன்று நிலவுகளோடும், ஒரே கிழமையில், ஏழே நாளில், கட்டி முடித்தவள் நான். ஒரு பிள்ளை தாயின் பக்கத்திலிருந்து எழும்பி அடுத்த வாங்குக்குப் போகும் நாலு வரியை எழுத எனக்கு மூன்று மாதம் எடுத்தது.