பதினொரு மணிக்குச் சொல்லக்கூடாத செய்தி

மானேஜர் சாரை நினைத்தால் அவர் முகத்துக்கும் முன்னால் அவருடைய டம்ளர்கள்தான் நினைவுக்கு வரும். காலை எட்டு மணிக்கு மேசையில் ஒன்று இருக்கும். பதினொரு மணிக்குள் ஆறேழு சேர்ந்துவிடும். எல்லாவற்றின் அடியிலும் பால் சேர்க்காத கட்டன்சாயாவின் கறை. குலசேகரத்தில் ஒரு ரப்பர் கம்பெனியில் நான் கிளார்க்காகச் சேர்ந்த புதிது அது. சார் காலையில் வாயில் ஒன்றும் போடமாட்டார். வளைகுடாவில் இருந்த மகனின் போனுக்குக் காத்திருந்து ஒழுங்காகத் தூங்கவும் மாட்டார். இருபதடி தூரத்து டீக்கடைக்கும் ஸ்கூட்டரில்தான் போவார். அந்த ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்துகிற நேரத்தில் இரண்டு தடவை நடந்து போய் வந்துவிடலாம்.

மத்தியானம் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டு, நாற்காலியிலேயே கால்மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்தாரென்றால் அவரைப்போல் தங்கமான மனிதர் கிடையாது. காலையில் அதே மனிதர் வேறு ஆள். ஸ்டேப்ளரில் பின் தீர்ந்துபோனதற்கு ஒருநாள், "எல்லாருமாச் சேந்து என்னைக் கொன்னு போடுங்க" என்று கத்தினார். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். சாருக்குப் பதினொன்றாவதாக டம்ளரும் பறக்கும். கோபம் அவர் குணம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பாதிக் கோபம் வெறும் வயிற்றிலிருந்து வருகிறது என்று புரிய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

அதுவும் ஒரு பயத்தோடுதான் புரிந்தது. எங்கள் லாரி ஒரு வளைவில் கவிழ்ந்த செய்தியை ஒருநாள் காலை பதினொரு மணிக்கு அவரிடம் சொன்னேன். டிரைவருக்கு ஒன்றுமில்லை என்று நான் முடிப்பதற்குள் சார் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்காவிட்டால் அடுத்தமுறை பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். சார் தலையாட்டிவிட்டு, வருகிற வழியில் ஒரு கட்டன் குடித்தார்.

ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிக்கும் அக்காதான் வழி கண்டுபிடித்தாள். "சாரைத் திருத்த நம்மால ஆவாது மக்கா. செய்தியைத் திருத்துவோம்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் ஆபீஸில் கெட்டது எதுவும் மத்தியானம் இரண்டு மணிக்கு முன்னால் நடக்காது. மெஷின் நின்றாலும், மழையில் ஷீட் நனைந்தாலும், சார் தூங்கி எழுந்த பிறகுதான் அது நடந்ததாக அர்த்தம். சில செய்திகளை இரண்டு மணிக்கும் சொல்லத் தைரியம் வராது. அவை அப்படியே தங்கிவிட்டன. மூன்று வருஷம் இப்படி ஓட்டினோம்.

அப்புறம் ஒருநாள் புகைப்புரை தீப்பிடித்தது. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போட்டு உலர்த்துகிற கட்டடம் அது. அக்கா ஓடிவந்தபோது மணி பதினொன்று பத்து. தீயணைப்புக்குப் போன் போட்டேன். ஆட்கள் தண்ணீர் ஊற்றத் தொடங்கியிருந்தார்கள். சாரிடம் போய்ச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. செத்துப்போவார் என்றே நம்பினேன்.

"சாருக்க வயித்துல என்ன கெடக்கு?" என்றாள் அக்கா.

"ஏழு கட்டன்."

அவள் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள். அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் தட்டில் வைத்துச் சார் முன்னால் நீட்டினோம். அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா கெஞ்சியதால் ஒரு துண்டு எடுத்தார். பிறகு தட்டையே பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"என்னமோ கருகுகே?"

"கெழங்கு கொஞ்சம் அடிப்பிடிச்சிட்டு சாரே."

அவர் கடைசித் துண்டால் குழம்பை வழித்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் விழவில்லை. கத்தவில்லை. கையைக் கழுவினார். "ஆளுவ எல்லாம் வெளிய வந்தாச்சா?" என்று கேட்டார். வந்தாயிற்று என்றதும் வெளியே நடந்தார். கதவுகளைச் சாத்திக் காற்றை அடைக்கச் சொன்னார், பக்கத்துக் கிடங்கிலிருந்த ஷீட்டுகளை அப்புறப்படுத்தினார். புகைப்புரை பாதி போயிற்று. கிடங்கு தப்பியது.

எல்லாம் அடங்கியபின் தீயணைப்பு அதிகாரி, "தீயை எப்பம் பாத்திய?" என்று கேட்டார்.

"சாரு கெழங்கு திங்கதுக்கு முன்னால" என்றாள் அக்கா.

சார் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "மூணு வருசமாவா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகம் வாடியதைத்தான் பார்க்க முடியவில்லை. ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போனார். வேலை போயிற்று என்று முடிவுகட்டினோம்.

இன்று அதே ஊரில் வேறொரு கம்பெனிக்கு நான் மானேஜர். காலையில் இரண்டு இட்லியாவது தின்னாமல் போனை எடுப்பதில்லை. என் ஆட்கள் எதையெல்லாம் என்னிடம் மறைக்கிறார்களோ என்ற சந்தேகமும் இல்லாமலில்லை. அப்போதெல்லாம் தீப்பிடித்ததற்கு மறுநாள் காலையை நினைத்துச் சிரித்துக்கொள்வேன்.

அன்று சார் நடந்தே வந்தார். மேசையில் ஒரு டம்ளர்கூட இல்லை. எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தி, நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நாலு தோசை தின்னுட்டு வந்திருக்கேன். இனி சொல்லுங்க, இந்த மூணு வருசத்துல என்னட்ட சொல்லாம விட்டது என்னெல்லாம்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். ஒரு கை முடிந்தது, மறு கையும் முடிந்தது. நிமிர்ந்தாள்.

"சாரே, அதுக்கு நாலு தோசை பத்தாது."