கெஸ்ட் என்றால் விருந்தாளி

யாராவது ஆள் எழுத வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். போன மாதம்கூட இரண்டு பிள்ளைகள் கையில் போனோடு வாசலில் நின்று, வீட்டில் எத்தனை பேர், யாருக்கு யார் என்ன முறை என்று இந்தியில் கேட்டார்கள். மருமகள்தான் பதில் சொன்னாள். நான் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்று, கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். எனக்குப் பேசத் தெரியாது என்று அவள் நினைக்கிறாள். பேசத் தெரியும். ஒன்பது வயதில் ஒருதரம், இதே மாதிரி ஆள் எழுத வந்தவரிடம், ஒரே ஒரு சொல் சொன்னேன். இங்கிலீஷ் சொல். அதற்கப்புறம்தான் பயம் வந்துவிட்டது.

அப்போது தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. அப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்தார். அம்மா, நான், எனக்கு இளைய தம்பிகள் இரண்டு பேர். ஆறாவது ஆளாக அத்தை, அப்பாவுடைய தங்கச்சி. மாமா வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்ததும், அத்தை ஊரிலிருந்து ரயிலேறி எங்களிடம் வந்துவிட்டாள். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லித்தான் வந்தாளாம். நான் கதை சொல்லும் நாளில் அந்த ஒரு மாதத்துக்கு நாலு வயது ஆகியிருந்தது.

அத்தைதான் எனக்குத் தலை பின்னுவாள். தம்பிகளைக் குளிப்பாட்டுவாள். மத்தியானம் முழுக்க வாசலில் உட்கார்ந்து, பக்கத்துப் பட்டறையிலிருந்து வரும் தோல் பர்ஸுகளுக்கு உள்துணி ஒட்டுவாள். அந்தப் பசையின் வாடை எங்கள் சோற்றில்கூட இருக்கும். அதில் கிடைப்பதை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவாள். அம்மாவும் அவளும் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. அம்மாவுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் சத்தமாகக் கீழே வைக்கப்படும், அவ்வளவுதான். அத்தை உடனே எழுந்துபோய் ஏதாவது வேலை செய்வாள்.

நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவது படித்தேன். அதோடு சரி, அதற்கு மேல் படிக்கவில்லை. எங்கள் டீச்சர் மாட்டுங்காவிலிருந்து குடையோடு நடந்தே வருவார். பாடத்தில் இல்லாவிட்டாலும் தினம் ஒரு இங்கிலீஷ் சொல்லைக் கரும்பலகையின் மூலையில் எழுதிப் போடுவார். அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது, அன்றைக்குள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே அதை ஒருதரமாவது சொல்லிவிட்டு வரவேண்டும். அப்படிச் சொன்னவர்களுடைய பேரை மறுநாள் அந்தச் சொல்லுக்குக் கீழே எழுதுவார். சாயங்காலம் மணி அடிக்கும்வரை அந்தப் பேர் அழியாது. மற்றவர்கள் பால்காரனிடம், பான் கடைக்காரனிடம் எல்லாம் சொல்லிவிட்டு வருவார்கள். நான் வாயே திறக்க மாட்டேன். வருஷம் முடியப்போகிறது, என் பேர் ஒருநாள்கூடப் பலகையில் ஏறவில்லை.

அன்றைக்கு எழுதியது ‘கெஸ்ட்’. வீட்டுக்கு வரும் விருந்தாளி என்றார். அவர் வந்தால் எழுந்து நிற்கவேண்டும், நல்ல பாயை விரிக்கவேண்டும், நாம் சாப்பிடுவதற்கு முன்னால் அவருக்குப் பரிமாறவேண்டும் என்று விளக்கினார். எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. ராஜா, மந்திரி மாதிரி அதுவும் ஒரு பெரிய பட்டம் என்று மனதில் பதிந்துவிட்டது.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால் எங்கள் சந்து கல்யாண வீடாக இருந்தது. ஆள் எழுத வருகிறார்கள் என்று இரண்டு நாளாகவே பேச்சு. தாளில் பேர் ஏறினால் ரேஷன் கார்டில் பேர் வரும். நாளைக்குக் குடிசையை இடித்தால் வேறு இடம் கொடுக்கும்போதும் அந்தப் பேர்தான் பேசும் என்று சொல்லிக்கொண்டார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஆள் கூட்டினார்கள். வடாலாவிலிருந்து சித்தி மக்கள், தேவ்நாரிலிருந்து மச்சினன் குடும்பம் என்று வரவழைத்து, எண்ணெய் வைத்துத் தலை சீவி, வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் அப்படி வந்த ஒரு சின்னப்பிள்ளையிடம் அப்பா பேர் என்ன என்று அதிகாரி கேட்டதும், அது தன் சொந்த அப்பா பேரையே சொல்லிவிட்டது. அந்த வீட்டில் நாலு பேர் பேரையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டாராம். எங்கள் வாசலுக்கு வரும்போதே அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

எங்கள் வீட்டில் இரவல் ஆள் யாரும் கிடையாது. ஒருத்தரையும் விட்டுவிடாமல் எழுதச் சொல் என்று அப்பா காலையில் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். அத்தை அன்றைக்குப் பசை டப்பாவைத் திறக்கவே இல்லை. பெட்டியிலிருந்து மாம்பழக் கலர் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து காத்திருந்தாள். ஊரில் மாமா வீட்டுக் கார்டில் அவள் பேரை எடுத்துவிட்டார்கள். இந்தத் தாளில் எழுதினால்தான் அவள் பேர் எங்கேயாவது இருக்கும். அதை அவளே என் தலையைப் பின்னும்போது சொல்லியிருந்தாள். எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. பேர்தான் அவளிடமே இருக்கிறதே என்று நினைத்தேன்.

அதிகாரி அம்மாவைக் கேட்டு அப்பா பேர், அம்மா பேர், எங்கள் மூன்று பேர் பேரையும் எழுதினார். பிறகு பேனாவால் அத்தையைக் காட்டி, “ஏ கோன்?” என்றார். இவள் யார் என்று கேட்கிறார்.

அம்மா அத்தையைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். பேனா அப்படியே நின்றது. எனக்கு அன்றைய சொல் நாக்கு நுனியில் இருந்தது. இத்தனை நாளும் வராத தைரியம் எங்கிருந்தோ வந்தது.

“கெஸ்ட்” என்றேன்.

அவர் குனிந்து என்னைப் பார்த்தார். கடுகடுப்பு போய்ச் சிரித்துவிட்டார். குழந்தைதான் உண்மை பேசுகிறது என்று கூட வந்தவரிடம் சொன்னார். அம்மாவை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தார். அம்மா குனிந்து சின்னத் தம்பியின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஆறாவது வரியில் ஒரு கோடு இழுத்து, கீழே ஐந்து என்று எழுதி, அதே எண்ணோடு ஒரு சீட்டை அம்மாவிடம் கொடுத்து, கதவில் நம்பர் போடச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அத்தை என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தாள். நான் இங்கிலீஷ் பேசிவிட்டேன் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் அப்பா வந்து சீட்டைப் பார்த்தார். ஐந்து என்ற எண்ணைப் படிக்க அவருக்கு இங்கிலீஷ் வேண்டியதில்லை. தங்கச்சி பேர் எங்கே என்று கேட்டார்.

“உங்க மவள கேளுங்க. நான் வாயத் தொறக்கதுக்குள்ள இங்கிலீசுல பதில் சொல்லிட்டா” என்றாள் அம்மா.

அப்பா என்னைக் கேட்டார். நான் பாடம் ஒப்பிப்பதுபோல் நிமிர்ந்து நின்று, கெஸ்ட் என்றால் விருந்தாளி என்று சொன்னேன். எழுந்து நிற்பது, நல்ல பாய் விரிப்பது எல்லாவற்றையும் விளக்கினேன். அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சேலை மாற்றிக்கொண்டு அப்போதுதான் பசை டப்பாவைத் திறந்திருந்த அத்தை, அதை மறுபடி மூடினாள்.

“பிள்ள சரியாத்தான சொல்லிருக்கு அண்ணே. அத ஏசாத” என்றாள்.

நாளைக்கே ஆபீஸுக்குப் போய் எழுத வைக்கிறேன் என்றார் அப்பா. நாளைக்கு அவருக்குச் சம்பள நாள், அதற்கு மறுநாள் லாரியில் சரக்கு வந்தது. ஆபீஸ் திறந்திருக்கும் நேரமெல்லாம் கிடங்கும் திறந்திருந்தது. அப்பா போகவே இல்லை.

மறுநாள் காலையில் டீச்சர் கேட்டதும் நான் கையைத் தூக்கினேன். யாரிடம் சொன்னாய், யாரைப் பற்றிச் சொன்னாய் என்று கேட்டார். சர்க்கார் ஆளிடம், எங்கள் அத்தையைப் பற்றி என்றேன். அவருக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. பலகையில் என் பேரை எழுதினார். அன்று முழுக்க நான் பாடத்தைப் பார்க்கவில்லை, என் பேரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுக் கார்டு வந்தது. ஐந்து பேருக்கு அரிசி, ஐந்து பேருக்குச் சர்க்கரை. பாத்திரங்கள் அடிக்கடி சத்தமாகக் கீழே வைக்கப்பட்டன. மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீத்தா கேம்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள், அங்கேயே தங்கிக்கொள்ளலாமாம் என்று அத்தை சொன்னாள். அப்பா பஸ் நிறுத்தம்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கிளம்புவதற்கு முன்னால் அம்மா கோழி அடித்து, பாய் விரித்து, எல்லாருக்கும் முன்னால் அத்தைக்குத்தான் பரிமாறினாள். அத்தை கொஞ்சமாகச் சாப்பிட்டு, போதும் மதினி, போதும் மதினி என்று கையால் தட்டை மறைத்துக்கொண்டாள். டீச்சர் சொன்னது அப்படியே நடக்கிறது என்று நான் பூரித்துப்போய் நின்றிருந்தேன்.

பிறகு அவளை நான் பார்த்தது மூன்றோ நான்கோ தடவைதான், எல்லாம் கல்யாண வீடுகளில். ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவேன். பக்கத்தில் போனதும் வாய் வராது. அவள் என் தலையைத் தடவி, இப்பவும் இங்கிலீசு பேசுதியா என்று கேட்பாள். கடைசியில் அவள் போய்ச் சேர்ந்த செய்திதான் வந்தது.

எனக்குக் கல்யாணமாகி, எனக்கும் ஒரு நாத்தனார் வாய்த்து, ஒருநாள் பக்கத்து வீட்டு மராத்திக்காரியிடம் அவளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். “மேரி நணந்த்”, என் நாத்தனார் என்று பேச்சை ஆரம்பித்ததும் சட்டென்று நின்றுவிட்டேன். அந்தச் சொல்லை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நாத்தனாருக்கு மராத்திக்காரர்கள் சொல்லும் சொல் அது, இந்தியிலும் ஏறக்குறைய அதேதான். தாராவிக் குழாயடியில் மற்றப் பெண்களோடு பேசும்போது அம்மா வாயிலிருந்து அது தினம் பத்துத் தடவை விழும். கேட்டுக் கேட்டு எனக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு அதிகாரி அம்மாவிடம் கேட்டதும் அந்த ஒரு சொல்லைத்தான்.

ஏன் அதைச் சொல்லவில்லை என்று அம்மாவிடம் நான் கேட்கவில்லை. அப்போது அவளுக்குக் கண் மங்கி, என் வீட்டில்தான் இருந்தாள். அத்தையிடம் கேட்கவேண்டிய தேவையும் இல்லை. அவளுக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கும். குழாயடியில் அம்மாவுக்கு அடுத்தாற்போல் குடத்தோடு நின்றவள் அவள்தான். தெரிந்துகொண்டேதான், பிள்ளை சரியாகச் சொல்லியிருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.